ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் மாட்டிய கேசட்

போன ஞாயிறு சாயங்காலம் அத்தையிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "ம்ம், இப்பதான்டா இது நான்." அவ்வளவுதான். அத்தை பாடிய பழைய கேசட்டுகளைக் கணினிக்குள் ஏற்றுகிறேன் என்று நாலு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை அதோடு முடிந்தது. முடிந்தது என்றால் 43 கேசட்டில் ஒன்று முடிந்தது. அந்த ஒன்றிலேயே செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து முடித்துவிட்டதால் மீதி சீக்கிரம் ஓடிவிடும் என்று ஒரு தைரியம்.

அப்பாவிடம் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் இருந்தது. மோனோ, அதாவது ஒற்றைச் சானல். உள்ளேயே மைக். வருஷா வருஷம் நவராத்திரிக்கு அதைத் தூக்கிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போவார். கொலு முன்னால் அத்தை ஹார்மோனியம் வைத்துக்கொண்டு பாடுவதைப் பதிவு செய்வார். அந்தக் கேசட்டுகள் குரோம்பேட்டை வீட்டு பீரோவில் ஒரு ஷூ டப்பாவில் அந்துருண்டையோடு கிடந்தன. மேலே இருந்ததன் அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் "கொலு 88, அக்கா பாட்டு". அதைத்தான் முதலில் எடுத்தேன்.

டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை ஒன்றில் விசாரித்தேன். கேசட்டுக்கு 300 ரூபாய். 43க்கு 12,900. பழைய கேசட் டெக் ஒன்றை வாங்கி நாமே செய்தால் குறைவாகத்தான் ஆகும், தரமாகவும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பணக்கணக்கு சரியாகத்தான் வந்தது. என் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டெக் 7,000 ரூபாய். ஜப்பான் தயாரிப்பு, 80களின் கடைசி, இரண்டு ஹெட் (டேப்பில் உரசும் காந்தத் தலை), ஒரு கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் சுழல் தண்டு). மூன்று ஹெட் டெக் வாங்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் அடம் பிடித்தார்கள். மூன்றாவது ஹெட் பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்ப்பதற்காக. எனக்கு வேண்டியது பழையதை ஓடவிட்டுக் கேட்பது மட்டும். அந்தக் காசைப் பெல்ட்டிலும் சுத்தம் செய்வதிலும் போடலாம். இதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

விற்றவர் "ஓடும் சார், பெல்ட் மட்டும்தான் போயிருக்கு" என்றார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. ரப்பர் உருகித் தார் மாதிரி புல்லியிலும் ஃப்ளைவீலிலும் அப்பிக்கொண்டிருந்தது. விரலில் பட்டால் மூன்று நாள் போகாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் அரை லிட்டர் 350 ரூபாய்க்கு வாங்கினேன். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு டப்பா காலி. புல்லியின் பள்ளத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புது பெல்ட் குதிக்கும் என்பதால் பல்குத்தும் குச்சியில் துணி சுற்றிச் சுரண்டினேன். இதற்கே ஒரு சனிக்கிழமை போனது.

பெல்ட் அளவு எடுக்கத் தையல் நூல்தான். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி, அவிழ்த்து ஸ்கேலில் வைத்தால் 246 மில்லிமீட்டர். ரப்பர் இழுபட்டு நிற்க வேண்டுமென்றால் அதைவிட 5, 6 சதவீதம் சின்னதாக இருக்க வேண்டும், அதாவது சுமார் 232. ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். சதுர பெல்ட்தான் கிடைத்தது. ஒரு பாக்கெட் கலவையாக 180 ரூபாய். அதில் அளவுக்கு நெருக்கமான ஒன்றை மாட்டினேன். என் டெக்கின் ஃப்ளைவீலுக்குத் தட்டையான பெல்ட் வேண்டும், 5 மில்லிமீட்டர் அகலம். சதுர பெல்ட்டும் ஓடியது, ஆனால் ஹார்மோனியத்தின் ஒற்றை சுருதி கேட்டாலே போதும், தள்ளாட்டம் தெரிந்தது. பாட்டில் கமகம் மறைத்துவிடும், சுருதியில் மறைக்க முடியாது. பிறகு தட்டை பெல்ட்டை ஆன்லைனில் வரவழைத்தேன், தபால் செலவோடு 650. அன்றே முதலில் அதை வாங்கியிருக்கலாம்.

டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை. ரப்பர் இறுகிப்போய் டேப்பைப் பிடிக்காமல் வழுக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, மெல்லிய உப்புத்தாளால் சீராக ஒரு சுற்றுத் தேய்த்தேன். சோதனைக்குப் பழைய பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டேன். 2 நிமிடத்தில் டேப்பை முழுங்கிவிட்டது. எடுக்கும் பக்கத்து ரீல் சுற்றவில்லை, அதற்கு இன்னொரு சின்ன பெல்ட் இருந்தது, நான் மறந்திருந்தேன். அத்தை கேசட்டை முதலில் போடாமல் இருந்ததற்கு யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஹெட்டைத் துடைத்து, காந்தம் நீக்கும் கருவி ஒன்று 1,200 ரூபாய்க்கு வாங்கிக் காட்டினேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கேசட்டுகளை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும், கருவியைத் தூரத்திலேயே ஆன் செய்து மெதுவாகக் கிட்டே கொண்டுபோய், மெதுவாகவே ஒரு மீட்டருக்குப் பின்னால் இழுத்துவந்து அப்புறம்தான் ஆஃப் செய்ய வேண்டும். கிட்டே வைத்தபடி ஆஃப் செய்தால் காந்தம் ஏறிவிடும், நீக்குவதற்கு வந்த கருவி ஏற்றிவைத்துவிட்டுப் போகும்.

சரி, டெக் தயார். இனி கேசட்.

"கொலு 88"ஐ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு இல்லை. பசை காய்ந்து விழுந்து உள்ளேயே எங்கோ உருண்டுகொண்டிருந்தது. அந்தக் கூடு திருகு இல்லாமல் ஒட்டிய ரகம், திறக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும். கத்தி முனையை ஓரமாக விட்டு, டக் டக்கென்று சுற்றிவர மெதுவாகப் பிளந்தேன். 90 நிமிடக் கேசட்டில் 130 மீட்டருக்கு மேல் டேப், 12 மைக்ரான் கனம், அது மேசையில் அவிழ்ந்து கொட்டினால் அவ்வளவுதான். தானமாக ஐந்து திருகு உள்ள பழைய கேசட் ஒன்று 30 ரூபாய்க்குப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதன் டேப்பை எடுத்துவிட்டு, அதன் கூட்டில் இந்த இரண்டு ரீலையும் வைத்து, வழுக்குத்தாள் இரண்டும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடினேன்.

போட்டேன். அத்தை குரலே இல்லை. போர்வைக்குள் யாரோ வேற்று மொழியில் முனகுவது மாதிரி ஒரு சத்தம். வயிறு கலங்கிவிட்டது, உடைக்கும்போது டேப் கெட்டுவிட்டதோ என்று. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து கேட்ட பிறகுதான் பிடிபட்டது. வேற்று மொழி இல்லை, பின்னாலிருந்து முன்னால் ஓடும் தமிழ். மாற்றும்போது ஒரு இடத்தில் டேப் அரைச்சுற்று முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் காந்த மருந்து பூசிய பக்கம் வெளியே போய், முதுகுப்பக்கம் ஹெட்டில் உரசுகிறது. மேல்விளிம்பு கீழே போய்விட்டதால் ஹெட் படிப்பது இரண்டாம் பக்கத்தை, அதுவும் தலைகீழாக. மறுபடி ஐந்து திருகும் கழற்றி முறுக்கை எடுத்தேன். உங்களுக்கும் எப்போதாவது ஒரு கேசட் மந்தமாகவும் தலைகீழாகவும் பாடினால் பேயோட்ட வேண்டாம், முறுக்கைத் தேடுங்கள்.

அடுத்தது அசிமத். நிறையப் பேர் இதைத் தொடாமலே கேசட்டை மாற்றிவிடுகிறார்கள், அப்புறம் "கேசட்னாலே மந்தமாத்தான் இருக்கும்" என்கிறார்கள். ஹெட்டில் இருக்கும் மெல்லிய இடைவெளி டேப்புக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிவு செய்த பெட்டியில் அது கொஞ்சம் சாய்ந்திருந்தால் இந்த டெக்கிலும் அதே அளவு சாய வேண்டும். இல்லாவிட்டால் உயர் ஸ்வரங்களின் கூர்மை, ஜால்ரா, "ச" எழுத்தின் உரசல் எல்லாம் போய்விடும். ஹெட்டின் ஓரமாக ஸ்பிரிங் போட்ட திருகுதான் அதற்கு. திருப்புவதற்கு முன் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்தேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் புத்தி வேலை செய்திருக்கிறது.

மோனோ பதிவாக இருந்தது இங்கே வசதி. மோனோ டிராக் 1.5 மில்லிமீட்டர் அகலம். ஸ்டீரியோ ஹெட் அதே இடத்தை 0.6, 0.6 என்று இரண்டாகப் படிக்கிறது, நடுவில் 0.3 இடைவெளி. இரண்டிலும் வருவது ஒரே பாட்டு. அதனால் ஒரு சானலின் ஒலி அலையை மேல்கீழாகப் புரட்டி மற்றதோடு கூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட வேண்டும். திருகை எட்டில் ஒரு சுற்று, அதிலும் பாதி என்று திருப்பிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் அத்தை குரல் காணாமல் போய் வெறும் டேப் இரைச்சல் மட்டும் நின்றது. அதுதான் சரியான இடம். இப்போது அந்தப் புரட்டலை எடுத்துவிட்டுக் கூட்டினேன். அப்பா! மூக்குத்தி தெரியும் அளவுக்குத் துல்லியம் என்று சொன்னால் மிகை, ஆனால் ஹார்மோனியத்தின் துருத்தி மூச்சுவிடுவது கேட்டது. இரண்டு சானலையும் கூட்டுவதில் இன்னொரு லாபம், பாட்டு 6 டெசிபல் ஏறும், இரைச்சல் இரண்டிலும் வேறுவேறாக இருப்பதால் 3தான் ஏறும். சும்மா கிடைக்கும் 3 டெசிபல்.

டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் ஆஃபில் இருக்க வேண்டும். அப்பாவின் பெட்டியில் டால்பி கிடையாது. முதல் முறை ஆனில் வைத்தே 45 நிமிடம் பதிவு செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணினிக்குள் ஏற்ற, ஏற்கெனவே வைத்திருந்த இரண்டு சானல் ஆடியோ இன்டர்பேஸ். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளப்பது. 90 நிமிடத்துக்கு 3.1 ஜிபி. உள்ளபடி சொன்னால் அந்த டூ இன் ஒன் பதிவில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது இரைச்சல்தான், 48 தாராளமாகப் போதும். 24 பிட் மட்டும் வேண்டும், ஒலி அழகாகிவிடும் என்பதற்காக இல்லை. உச்சத்தை மைனஸ் 12 டெசிபல் பக்கம் தாராளமாகத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம், திடீரென்று குக்கர் விசில் அடித்தாலும் உடையாது. விசில் உண்மையாகவே அடிக்கிறது, முதல் பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், மூன்று முறை. அந்தப் பெட்டியில் தானே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருந்ததால், அத்தை நிறுத்திய இரண்டு நொடியில் அடுப்படி, தெரு எல்லாம் எழுந்து முன்னால் வந்துவிடுகிறது. பாட்டி யாரிடமோ சுண்டலில் உப்புப் பார்க்கச் சொல்கிறார். இதைச் சரி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனிமேல்தான் பெரிய தப்பு.

கேட்கும்போது அடியில் ஹம், மின்சாரத்தின் ரீங்காரம், இருந்தது. மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன், பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் ஒன்று நின்றது, டேப்பை நிறுத்தினால் அதுவும் நின்றது. ஆக டேப்பிலேயே பதிவானது. அன்றைக்கு மின்சாரத்தில் ஓடிய டூ இன் ஒன்னின் டிரான்ஸ்ஃபார்மர் ஹம். அடடா, இதுதான் அளவுகோல் என்று குதித்தேன். வேகம் சரிபார்க்க 3,150 ஹெர்ட்ஸ் பதிவான சோதனை டேப் வாங்க வேண்டும், நல்லது விலை அதிகம். இங்கே டேப்பிலேயே ஒரு அதிர்வெண் இலவசமாக உட்கார்ந்திருக்கிறது. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பள்ளிக்கூடத்தில் படித்தது. ஹம் 50இல் வந்தால் வேகம் சரி.

96 கிலோஹெர்ட்ஸில் அப்படியே 65,536 புள்ளியில் அளந்தால் படிக்கு ஒன்றரை ஹெர்ட்ஸ் இடைவெளி, எதற்கும் ஆகாது. ஒரு துண்டை 2,000 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து, அதே 65,536 புள்ளியில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) போட்டால் 0.03 ஹெர்ட்ஸ் வரை பிரிக்கலாம். போட்டேன். 48.3இல் ஒரு கூர்முனை. 96.6இலும் 144.9இலும் அதன் பிள்ளைகள். முடிவு தெளிவு: என் டெக் 3.4 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. பழசு அல்லவா, ஓடத்தான் செய்யும்.

மோட்டார் முதுகில் ஒரு ஓட்டை, உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு, ப்ரீசெட். சின்ன டெஸ்டரை விட்டு ஒரு முடியளவு திருப்புவது, அரை நிமிடம் பதிவு செய்வது, அளப்பது, மறுபடி திருப்புவது. இரண்டு மணி நேரம். கடைசியில் 50.0. கோடு எதுவும் போட்டுவைக்கவில்லை, அசிமத்தில் வேலை செய்த புத்தி அதற்குள் தூங்கப் போய்விட்டது. அந்த வேகத்திலேயே இதையும் இன்னும் மூன்று கேசட்டுகளையும் முழுதாக ஏற்றினேன். ஹம்மை வடிகட்டி, கொஞ்சம் இரைச்சலையும் குறைத்து, கல்யாணி ஒன்றை மட்டும் வெட்டி அத்தைக்கு அனுப்பினேன். 75 வயது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் போன்.

"என்னடா அனுப்பிச்சிருக்க? யாரோ எட்டாங்கிளாஸ் பொண்ணு பாடுது."

"அத்தை, நீங்கதான். எண்பத்தெட்டு கொலு. அப்பா எழுதியிருக்காரே."

"பாட்டு என்துதான். குரல் என்து இல்ல."

வயசான காலத்தில் தன் இளம் குரலை யாருக்குத்தான் அடையாளம் தெரியும் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார் என்று ஹெட்போனில் கேட்கச் சொன்னேன். மறுநாள் காலை மறுபடி போன், இந்த முறை குரலில் ஒரு வாத்தியார் தொனி. "நான் எப்பவும் அஞ்சரைக் கட்டைடா. இது அஞ்சரையும் இல்ல ஆறும் இல்ல, நடுவுல தொங்குது. பெட்டியை எடுத்து வெச்சு வாசிச்சுப் பாத்துட்டேன். எந்தக் கட்டையிலும் சேரல." கட்டை என்றால் பாடும் சுருதியின் உயரம், ஐந்தரைக்கு அடுத்தது ஆறு.

பெட்டி! அந்த ஹார்மோனியம் இன்னும் அவரிடமே இருக்கிறது. அதே பெட்டிதான் டேப்பில் கேட்பதும். 3,150 ஹெர்ட்ஸ் சோதனை டேப்புக்கு இணையான ஒன்று மயிலாடுதுறைக் கூடத்தில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நான் மின்வாரியத்தை நம்பி மோட்டாரைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தானிடம் கேட்டு ஐந்தரையின் ஸட்ஜம், அதன் பஞ்சமம், மேல் ஸட்ஜம் மூன்றையும் கட்டைக்குக் கால் நிமிடம் போனில் பதிவு செய்து, சுருக்காமல் கோப்பாக அனுப்பச் சொன்னேன். பெட்டியில் ஸட்ஜம் 208.4 ஹெர்ட்ஸ். என் பதிவில் 214.6. பஞ்சமம் பெட்டியில் 312.3, பதிவில் 321.6. மேல் ஸட்ஜம் 416.9, பதிவில் 429.3. மூன்றிலும் ஒரே விகிதம், ஏறக்குறைய 1.0298. ஹார்மோனியத்துக்குள் அதிரும் உலோக நாக்குகளின் சுருதி காலப்போக்கில் இறங்கியிருந்தால் மூன்றும் ஆளுக்கொரு அளவு இறங்கியிருக்கும், இப்படி வரிசையாக நிற்காது. 3 சதவீதம் வேகம் என்றால் அரை ஸ்வரத்தில் சரிபாதி. ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே. அத்தை காதால் சொன்னதை நான் தசமப் புள்ளியோடு உறுதி செய்தேன், அவ்வளவுதான் என் பங்கு.

அப்படியானால் ஹம்? 50ஐ 1.0298ஆல் வகுத்தால் 48.55. அன்றைக்கு மயிலாடுதுறை வீட்டுக்கு வந்த மின்சாரமே 48.55 ஹெர்ட்ஸ். இதைத் தேடிப் படித்தபோதுதான் உறைத்தது. தேவை உற்பத்தியை மிஞ்சினால் டர்பைன்கள் மூச்சுவாங்கும், அதிர்வெண் இறங்கும். தென்மண்டல கிரிட், அதாவது மின்வலை, அப்போது தனித் தீவு, மற்ற மண்டலங்களோடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதிர்வெண் இறங்கிய நேரத்தில் கூடுதலாக இழுத்தால் கூடுதல் கட்டணம் என்ற முறை தெற்கே 2003 ஜனவரியில் வந்த பிறகுதான் நிலைமை சீரானது. இன்றைக்கு 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. என் ஸ்பெக்ட்ரத்திலும் அதற்குச் சாட்சி இருந்தது. 48.3க்குப் பக்கத்தில் 49.98இல் ஒரு குட்டி முனை, என் டெக் தன் பங்குக்குச் சேர்த்த இன்றைய ஹம். அதைப் பார்த்தும் ஏதோ தூசி என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், போடாமலே இருந்திருக்கலாம். தொடும் முன் என் டெக் காட்டிய ஹம் 48.3, வந்திருக்க வேண்டியது 48.55. அதாவது டெக் அரை சதவீதம்தான் மெதுவாக இருந்தது. அரை சதவீதத்தைச் சரிசெய்யப் போய் 3 சதவீதத்தைக் கெடுத்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் உழைத்து.

திரும்ப ஏற்ற வேண்டியதில்லை என்பது ஒரு ஆறுதல். மூலக் கோப்பு இருந்ததால் மென்பொருளில் வேகத்தை 2.89 சதவீதம் குறைத்தேன். வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். காலத்தை நீட்டாமல் சுருதியை மட்டும் இறக்கும் வசதி தனியாக ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் குரலில் பிளாஸ்டிக் வாடை வரும், தாளமும் வேகமாகவே நிற்கும். பிறகு மோட்டாரையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர, ஸட்ஜம் 208.4 காட்டும் வரை ப்ரீசெட்டைத் திருப்பினேன். இப்போது என் டெக் அப்பாவின் டூ இன் ஒன் எந்த வேகத்தில் ஓடியதோ அந்த வேகத்தில் ஓடுகிறது. அவர் பதிவு செய்த மற்ற கேசட்டுகளுக்கு அதுதான் வேண்டும். இந்த முறை வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டாயிற்று.

ஹம் வடிகட்டுவதில் வேறொரு சிக்கல். 48.55இலும் அதன் மடங்குகளிலும் ஒல்லியான வெட்டு வைத்தேன், முதல் சில நிமிடம் சுத்தமாகப் போனது, போகப் போக ஹம் மறுபடி எட்டிப் பார்த்தது. அளந்தால் தொடக்கத்தில் 48.6, 45ஆவது நிமிடத்தில் 48.4. டேப் வழுக்குகிறதா என்று ஸட்ஜத்தைப் பார்த்தேன், அது அசையாமல் 208.4. ஆக நகர்ந்தது கிரிட். பொழுது சாய்ந்து ஊரெல்லாம் விளக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் பாட்டை ஐந்து ஐந்து நிமிடத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண்ணில் வெட்டு வைத்தேன். அகலமான வெட்டு ஒன்று வைத்தால் ஒரே தடவையில் வேலை முடியும், ஆனால் நாலாவது மடங்கு 194, ஸட்ஜம் 208, பக்கத்து வீடு. கை வைக்கப் பயமாக இருந்தது.

இரைச்சல் குறைப்பை முதலில் 18 டெசிபல் போட்டிருந்தேன், அத்தை கிணற்றுக்குள் இறங்கிப் பாடினார். 5ஆகக் குறைத்தேன். இரைச்சல் இருக்கிறது, இருக்கட்டும், இரண்டாவது நிமிடம் காதுக்குப் பழகிவிடுகிறது. எதுவும் செய்யாத மூலக் கோப்பை இரண்டு வட்டில் தனியாக வைத்திருக்கிறேன்.

செலவு: டெக் 7,000, பெல்ட் இரண்டு முறை சேர்த்து 830, ஆல்கஹால் 350, காந்தம் நீக்கி 1,200, தானக் கூடு 30. மொத்தம் 9,410. இன்டர்பேஸ் முன்பே இருந்தது, அதையும் சேர்த்தால் கடைக்காரர் ஜெயித்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து செய்வதென்றால் மோட்டாரைத் தொடவே மாட்டேன். உள்ள வேகத்திலேயே ஏற்றிவிட்டு, கேசட்டுக்குள் கேட்கும் ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வேகத்தை மென்பொருளில் சரி செய்வேன். ஒட்டின கூட்டை உடைக்கும் முன் ரீல்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன என்று போட்டோ எடுப்பேன். முதல் கோப்பை அப்போதும் பாடியவருக்கே அனுப்புவேன்.

இப்போது டெக்கில் இருப்பது "கொலு 85". அன்றைக்குக் கரண்ட் இல்லை போலிருக்கிறது, பேட்டரியில் பதிவு, ஹம்மே கிடையாது. பெட்டியும் இல்லை, ரிப்பேருக்குப் போயிருந்ததாம். அத்தை தனியாகப் பாடுகிறார், பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருப்பதால் வேகமும் மாறிக்கொண்டே இருக்கிறது. பாட்டுக்கு நடுவே நிற்கும்போது மட்டும் பின்னால் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் கேட்கிறது. அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது, நேரமும் சரியாகக் காட்டுகிறது என்கிறார் அத்தான். நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை.